ஊரில் ஆள் இல்லாத மூன்று நாள்

புயலுக்குப் பயந்து மூன்று நாள் வெளியூரில் தங்கிவிட்டுச் சங்குப்பொட்டல் ஜனங்கள் திரும்பி வந்தபோது ஊருக்கு முந்நூறு வயது கூடிப்போயிருந்தது. புயல் வரவில்லை. அது வழக்கம்போலக் கடைசி நேரத்தில் மனசு மாறி வடக்கே எங்கேயோ போய்விட்டது. வந்தது காலம்தான். நூற்றுப் பதினாறு வீட்டில் நூற்றுப் பதினைந்து பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் ஊருக்குள் புகுந்து, ஒரு நாளைக்கு நூறு வருஷம் வீதம் இஷ்டத்துக்கு ஓடித் தீர்த்துவிட்டுப் போயிருந்தது.

லாரிகள் ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டன, ஏனென்றால் அதற்கப்பால் ரோடு இல்லை. ரோடு இருந்த இடத்தில் வாகையும் வேம்பும் இலந்தையும் தோளோடு தோள் உரசி நின்றன. மிஷின் வைத்துப் பிடுங்கியும் தீ வைத்தும் போகாமல் ஊரைப் பிடித்து ஆட்டிய சீமைக்கருவேலம், யாரும் ஒன்றும் செய்யாமல் விட்டதாலேயே மனசு விட்டுச் செத்து, மருந்துக்கு ஒன்றுகூட இல்லாமல் ஒழிந்திருந்தது. கடல் இரண்டு பர்லாங் உள்ளே வந்து, பிறகு என்ன நினைத்ததோ, ஒரு பர்லாங் திரும்பிப் போயிருந்தது. வாயில் வைக்க முடியாமல் கரித்த ஊரணித் தண்ணீர் இளநீர் மாதிரி இனித்தது. கோழிகள் பனை உயரத்துக்குப் பறந்தன. மனிதரைக் கண்டால் பயப்பட வேண்டும் என்பதையே மறந்துபோன மைனாக்கள், இறங்கி நின்ற ஜனங்களின் தலையிலும் மூட்டையிலும் வந்து உட்கார்ந்து, இதென்ன புது மாதிரி மரம் என்று கொத்திப் பார்த்தன. வீடு என்று ஒன்றும் மிச்சமில்லை. கம்பியும் தகரமும் துருவாகி, துரு மண்ணாகி, அந்தச் சிவப்பு மண்ணில் தும்பை பூத்திருந்தது. அரசாங்கம் கட்டிக்கொடுத்து யாரும் ஒரு நாளும் உபயோகிக்காத கக்கூஸ்களின் பீங்கான்கள் மட்டும் புத்தம் புதுசாகப் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

பஞ்சாயத்துத் தலைவி தங்கப்பூ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். தலையில் இருந்த மைனாவைக் கையால் விரட்டினாள். அது நகர்ந்து தோளில் உட்கார்ந்தது.

"சரி, பிள்ளைக பசியில நிக்கிதுக. மொதல்ல ஒலை வைக்கணும். மூணு கல்லு எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அதோடு அந்த அதிசயம் ஊருக்குள் அடங்கிவிட்டது. கல் தேடப் போனவர்கள் கல் தேடினார்கள், விறகு பொறுக்கப் போனவர்கள் விறகு பொறுக்கினார்கள், சோறு வெந்தபோது முந்நூறு வருஷம் என்பது ஒரு நல்ல மழை வெள்ளம் அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. ஊரில் எல்லாரும் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்க, ஒரே ஒருவன் மட்டும் ஆளைத் தேடிக்கொண்டு ஓடினான்.

அவன் பெயர் வழிவிட்டான். வழிவிட்ட அய்யனாருக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை என்பதால் வைத்த பெயர். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறந்து மூடுவது அவன் வேலை, அதனால் ஊரில் அவன் காலடி படாத வாசல் கிடையாது. பூட்டாமல் கிடந்த அந்த நூற்றுப் பதினாறாவது வீடு அவனுடையது. அதற்குள் இருந்தவள் அவன் மனைவி பஞ்சவர்ணம்.

லாரி ஏறச் சொல்லி மைக்கில் கத்திய அன்று காலையில் அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை; ஒரு வெள்ளாடு உண்டு, வெள்ளை உடம்பு, இடது காது மட்டும் செவலை.

"ஆடு இன்னைக்கோ நாளைக்கோ ஈனப்போகுது. அத விட்டுட்டு எப்படி வாறது?"

"ஆடு பெருசா, புருசன் பெருசா?"

"ஈனப்போறது நீங்களா, ஆடா?"

வேறொரு நாளாக இருந்தால் அவன் சிரித்திருப்பான். ஆனால் ஒரு வாரமாகவே வீட்டில் முகம் கொடுத்துப் பேச்சில்லை. அவள் அம்மா சீராகக் கொடுத்த எவர்சில்வர் தூக்குவாளியை அவன் அவளிடம் கேட்காமல் தன் அக்கா வள்ளிமயிலுக்கு இரவல் கொடுத்திருந்தான், போன வாளி திரும்பவில்லை, வள்ளிமயிலோ அப்படி ஒரு வாளியைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டாள். எங்கம்மா வாளி எங்கே என்று இவள் கேட்க, எங்கக்காவைத் திருடி என்கிறாயா என்று அவன் கேட்க, அந்தப் புகைச்சல் அன்று காலையில் பற்றிக்கொண்டது.

"நீ ஆட்டோடயே கெட. நான் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

அந்தப் பக்கத்தில் யாரும் வீட்டை விட்டு இறங்கும்போது போறேன் என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் "போயிட்டு வாரேன்" என்பதுதான் பேச்சு. வீட்டில் இருப்பவர் "போயிட்டு வாங்க" என்று பதில் சொல்லி, போகிறவர் முனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செத்தவர்கள் மட்டும்தான் போகிறார்கள்; மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டு வருகிறார்கள். பஞ்சவர்ணம் வாசலில் வந்து நின்றாள். மிச்ச வார்த்தையைச் சொல்வான் என்று நின்றாள். அது வழிவிட்டானுக்கும் தெரியும், தெரிந்துதான் லாரியில் ஏறி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். லாரி ஊரணி முனை திரும்பியபோது அவன் திரும்பிப் பார்க்கவில்லை, அவள் நின்றிருந்தாளா என்பது அதனால் அவனுக்குத் தெரியாது.

முகாமில் இரண்டாம் நாள் மனசு கேட்காமல் ஒருமுறை போன் போட்டான். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றது. டவர் இல்லை போல என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

திரும்பி வந்து பார்த்தால் அவன் வீடு இருந்த இடத்தில் ஒரு நாவல் மரம் நின்றது. இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். பஞ்சு, பஞ்சு என்று அதைச் சுற்றிச் சுற்றி வந்து கூப்பிட்டான். மரங்களுக்கு இடையிலிருந்து ஆடுகள் எட்டிப் பார்த்தன, ஐம்பது அறுபது இருக்கும். எல்லாம் வெள்ளை, எல்லாவற்றுக்கும் இடது காது மட்டும் செவலை. அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அழக்கூட வரவில்லை, ஏனென்றால் எதற்கு அழ வேண்டும் என்பதே அவனுக்கு இன்னும் தெளிவாகத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தாசில்தார் வந்தார். கூட வந்த கல்லூரிப் பேராசிரியர் விழுந்து கிடந்த ஒரு புளிய மரத்தின் வளையங்களை எண்ணி, முந்நூறுக்கு முன்னே பின்னே என்றார். தாசில்தார் தன் படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். புயலுக்கு இடம் இருந்தது, வெள்ளத்துக்கு இருந்தது, தீக்கும் இடிக்கும்கூட இருந்தது. காலம் அதிகமாகப் போனதற்கு இடம் இல்லை. மனைகளையாவது பிரித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றார். சர்வே கல் எல்லாம் மணலுக்குள் எத்தனை ஆள் ஆழத்தில் கிடந்தனவோ. அம்மிகள் அகப்பட்டன, ஆனால் அம்மியில் பேர் போடுகிற வழக்கம் இல்லை. கடைசியில் தங்கப்பூதான் வழி சொன்னாள். தோண்டுகிற இடத்தில் எல்லாம் எவர்சில்வர் பாத்திரம் அகப்படுகிறது, துருப் பிடிக்கவில்லை, ஒவ்வொன்றிலும் விளிம்பில் பேர் வெட்டியிருக்கிறது. எவர் பேர் போட்ட பாத்திரம் எங்கே கிடைக்கிறதோ அது அவர் மனை.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஊர் என்றால் இரவல் உண்டு என்பதை எல்லாரும் மறந்துபோனார்கள். வாங்கித் திருப்பாத குண்டான்களும், கல்யாண வீட்டில் கைமாறிய கரண்டிகளும், சத்தம் காட்டாமல் சேலை மறைவில் போன சம்படங்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்து, யார் யார் வீட்டில் கிடந்தோம் என்று சாட்சி சொல்ல, பத்து வருஷம் பழகியவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஜனங்கள் உஷாராகி, அடுத்தவர் பேர் போட்ட பாத்திரம் அகப்பட்டால் பேசாமல் மறுபடியும் மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

பாத்திரத்தில் பேரைத் தவிர வேறு எழுத்தும் இருப்பதை முதலில் பார்த்தவள் வழிவிட்டானின் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி. தன் பேர் போட்ட தட்டைச் சாம்பல் வைத்துத் துலக்கிக் கவிழ்த்தபோது அடியில் ஏதோ சொரசொரவென்று தட்டுப்பட்டது. வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு நாவல் மரத்தடிக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, இது பஞ்சு மதினி கை மாதிரி இருக்கு."

கல்யாணத்துக்கு முன்னால் பஞ்சவர்ணம் டவுனில் ஒரு பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிற வேலை பார்த்தவள். அவள் எழுதினால் ட-வின் மூலை சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே மிஷின் இல்லை, ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது, ஆனாலும் மூலை நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

"மொத வருசம். ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, ஒண்ணு கிடா. ரோட்டுல நாலு நாள் நடந்து பாத்தேன். எம்புட்டு நடந்தாலும் நம்ம ஊரு எல்லை தாண்டல, ஒரு ஆளும் கண்ணுல படல. வந்தா வீட்டுல ஆள் இருக்கணும்ல, திரும்பிட்டேன். சந்தனமாரி, உன் தட்டைக் கேக்காம எடுத்தேன். திருப்பி வச்சிட்டேன்."

சந்தனமாரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வழிவிட்டான் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்தான், எழுந்தவன் பிறகு உட்காரவில்லை. வால்வு திறக்க எந்த ஒழுங்கில் வீடு வீடாகப் போவானோ அதே ஒழுங்கில் குடிசை குடிசையாகப் போய், உங்க பாத்திரத்தின் அடியைக் கொஞ்சம் காட்டுங்க என்று கேட்டான். வருஷத்துக்கு ஒன்றாக, வீட்டுக்கு ஒன்றாக எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்திருந்தாள். கடன் வைக்காத மனுஷி.

தலைவியின் அண்டாவில் கடல் உள்ளே வந்த கதையை விஸ்தாரமாக எழுதியிருந்தாள். ஒன்பதாம் வருஷம் ஒரு சம்படத்தில்: "செல்போன் டவர் விழுந்துருச்சு. சத்தம் கேட்டு யாரோ வாராகன்னு ஓடினேன்." பதினேழாம் வருஷத்துக்கு ஒரு சின்ன டம்ளர்தான் அகப்பட்டிருக்கிறது, அதில், "ஒண்ணும் விசேசமில்ல." இருபத்தாறில்: "சீமக்கருவ எல்லாம் பட்டுப்போச்சு. வெட்ட ஆள் இருந்தாத்தான் அதுக்கும் வீம்பு போல." முப்பத்து மூன்றில்: "தட்டைத் தட்டினா ஆடுக வருது. குட்டிகளுக்கும் அதுகளே சொல்லிக் குடுக்குதுக. பேச்சு மறந்துரக் கூடாதுன்னு அதுககிட்டத் தெனமும் பேசுறேன்." எல்லாவற்றிலும் கடைசியில், திருப்பி வச்சிட்டேன்.

முதலில் ஜனங்கள் அவனை உட்கார வைத்துச் சோறு போட்டு, கூட உட்கார்ந்து அழுதார்கள். பிறகு பாத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். பிறகு அவன் தலை தெரிந்தாலே, தட்டில் இருக்கும் சோற்றை வேறொன்றில் கொட்டிவிட்டுக் காலித் தட்டைக் கவிழ்த்துக் காட்டினார்கள். வீடு கட்ட வேண்டும், விதைக்க வேண்டும், பறந்து திரியும் கோழிகளைத் தரைக்குப் பழக்க வேண்டும். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. மைனாக்களும் அதற்குள் மனிதரைக் கண்டு பறக்கக் கற்றுக்கொண்டிருந்தன.

நாற்பத்தோரு பாத்திரங்களைப் படித்த அன்று வழிவிட்டான் நாவல் மரத்தடியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினான். ஒரு நாளைக்கு நூறு வருஷம். அப்படியானால் மணிக்கு நாலு வருஷத்துக்கு மேலே. காலை ஏழு மணிக்கு லாரி கிளம்பியது. முகாமில் பத்து மணிக்கு உப்புமா கொடுத்தார்கள், அதை அவன் வாங்கியபோது அவள் பன்னிரண்டு வருஷம் தனியாக இருந்துவிட்டாள். மதியம் புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது அவளுக்குத் தலை முழுக்க நரைத்திருக்கும். சாயங்காலம் டீ வந்தது. வரிசையில் நிற்கும்போது, ரெண்டு நாள் கழித்துப் போனால் தன்னால் கோபம் ஆறிவிடும், அவளே வந்து பேசட்டும் என்று நினைத்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த வரிசை நகர்வதற்குள் அவள் முடிந்துபோயிருக்கிறாள். போன் போட்டபோது அவள் இல்லாமல் போய் எழுபது எண்பது வருஷம். அந்தப் பெண் குரல் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

அன்றைக்குத்தான் அழுதான், ஊருக்கே கேட்கிற மாதிரி.

அழுது முடித்தபின் ஒன்று உறுத்தியது. இத்தனை பாத்திரத்தில் ஒன்றில்கூட அவள் அவனைப் பற்றி எழுதவில்லை. ஆடு இருந்தது, கடல் இருந்தது, சந்தனமாரி இருந்தாள். அவன் இல்லை. மன்னித்தேன் என்றும் இல்லை, நாசமாய்ப் போ என்றும் இல்லை. நாசமாய்ப் போ என்று இருந்தால்கூடப் போதும் என்றிருந்தது. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒன்று எழுதியவள் கடைசியாக ஒன்று எழுதாமல் இருக்கமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை மட்டும் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துவிட வேண்டும், அப்புறம் தனக்கு என்ன ஆனாலும் சரி என்று மறுபடியும் கிளம்பினான்.

தங்கப்பூ அவனைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்: "தம்பி, நூத்துப் பதினஞ்சு வீட்டையும் ரெண்டு தரம் பாத்தாச்சு. இனி இருந்தா மண்ணுக்குள்ளதான் இருக்கும். நீயும் ஒரு குடிசையப் போட்டு உக்காரு. இல்லேன்னா ஊரு உன்னயப் பைத்தியம்னு சொல்லிரும்."

குடிசை போட்டான். வாசல் ஊரணி முனையைப் பார்த்து இருக்கும்படி போட்டான். சாயங்காலமானால் சந்தனமாரி விட்டுக்கொடுத்த அந்த முதல் தட்டை எடுத்துத் தட்டுவான். ஆடுகள் வந்து சுற்றி நிற்கும். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டியது இந்த ஆள் இல்லையே என்பது போல அவனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கும். அந்த எட்டிப் பார்வையைத் தாங்க முடியாமல் பல நாள் தட்டாமலே இருந்தான்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் வள்ளிமயில் வந்தாள். கொளுத்துகிற வெயிலில் கம்பளி போர்த்தியிருந்தாள். உள்ளே வந்து கதவுத் தட்டியைச் சாத்திவிட்டுக் கம்பளியை விலக்கினாள். தூக்குவாளி. விளிம்பில் அவன் மாமியாரின் பேர்.

"தம்பி, ஏசுறதுன்னா பொறவு ஏசு. மொதல்ல இதப் படி."

"எத்தன நாளா வச்சிருக்க?"

"பாத்திரத்த வச்சு மனை பிரிக்க ஆரம்பிச்ச மூணாம் நாளே என் அடுப்படி இருந்த எடத்துல கெடச்சிது. இது எங்கிட்ட இருந்தா என் மனை ஒனக்குப் போயிரும்னு பொதச்சு வச்சேன். இரவல் வாங்கினதும் நெசந்தான், இல்லேன்னதும் நெசந்தான். நேத்துத்தான் தோண்டி எடுத்தேன். அடியில எழுத்து இருக்கு. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ. மொத வார்த்தையே என் பேரு. அதுக்கு மேல என்னால படிக்க முடியல."

வழிவிட்டான் அவளை ஏசவில்லை. வாளியை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் கவிழ்த்தான். எழுத்து கோணலாக இருந்தது; கை நடுங்கியிருக்க வேண்டும், சில புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தன. ட-வின் மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வள்ளிமயில் மதினி வீட்டுல இருந்துச்சு எங்கம்மா வாளி. மொத வருசமே பாத்துட்டேன். எடுக்கல. குடுத்தவுக கேட்டு வாங்கிட்டு வரட்டும்னு விட்டேன். கடைசிக்கு இதுல எழுதுறேன். மதினிய ஏசாதீக, மறந்திருப்பாக. நாப்பத்திரெண்டு வருசம் ஆச்சு. மூச்சு வாங்குது. ஆடுகள அவுத்து விட்டுட்டேன். ஒங்க மேல ஒரே ஒரு கோவந்தான். அன்னைக்குச் சொல்லாமப் போயிட்டீக. முனை திரும்புற மட்டும் நின்னேன், நீங்க பாக்கல. நான் அப்படிச் செய்ய மாட்டேன். சொல்லிட்டுத்தான் கெளம்புறேன். வாளியத் திருப்பி வச்சிட்டேன். போயிட்டு வாரேங்க."

அவன் அதைச் சத்தமாகத்தான் படித்தான். மதினியை ஏசாதீக என்ற இடத்தில் வள்ளிமயில் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வழிவிட்டான் வாளியைக் கீழே வைத்தான். வாசல்படியில் இறங்கி நின்றான். உள்ளே ஒருத்தி செருப்பைத் தேடிக்கொண்டிருந்து இப்போதுதான் வெளியே இறங்குகிறாள் என்பது போலச் சற்று ஒதுங்கி வழிவிட்டான்.

"சரி பஞ்சு. போயிட்டு வா" என்றான்.

"தம்பி, வெயிலு. உள்ள வா" என்றாள் வள்ளிமயில்.

அவன் ஊரணி முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிக்கொண்டு கிளம்பியவர் முனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நிற்க வேண்டும். எண்பது வயசுக்காரி, மூச்சு வேறு வாங்குகிறது, மெதுவாகத்தான் நடப்பாள்.

"வாரேன்க்கா. அவ இன்னும் திரும்பல."